உருளைக்கிழங்கை எதில் அவிப்பது? குக்கர், இட்லிப் பானை, மைக்ரோவேவ்: ஓர் ஒப்பீடு

போண்டாவுக்கு உருட்டினால் மசாலா கையோடு வருகிறது என்கிறார் ஒரு வாசகர். ரோஸ்ட் செய்ய வாணலியில் போட்டதும் துண்டுகள் கரைந்து பொடிமாஸாகிவிடுகின்றன என்கிறார் இன்னொருவர். மின் ஸ்டீமர் வாங்கலாமா, குக்கரிலேயே ஆவியில் அவிக்க முடியுமா, இட்லிப் பானையில் வைத்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பவர்கள் இன்னும் அதிகம். இந்தக் கேள்விகள் எல்லாமே கிழங்கு வேகும் கட்டத்தில் பிறப்பவை. வெங்காயம் எவ்வளவு, சோம்பு போடலாமா என்றெல்லாம் நுணுக்கமாக யோசிக்கும் நாம், கிழங்கை மட்டும் குக்கரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூன்று விசில் என்று விட்டுவிடுகிறோம். பதார்த்தத்தின் பாதித் தலையெழுத்து அந்த மூன்று விசிலில் முடிவாகிவிடுகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் செய்யும் பெரும்பாலான உருளைக்கிழங்குப் பதார்த்தங்களுக்குத் தண்ணீர் படாமல் ஆவியில் அவிப்பதே மேல். அதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஆவி என்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் மூழ்கவைப்பதே சரியான வழி என்னும் இடங்களும் உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் ஈரம். உருளைக்கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெப்பம் 60 முதல் 70 டிகிரியை எட்டும்போது உள்ளிருக்கும் மாவுச்சத்து அந்தத் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. கிழங்கு வேக இந்த உள்தண்ணீரே போதும். வெளியிலிருந்து ஒரு சொட்டும் தேவையில்லை. வெட்டிய முகம் வழியாகவோ வெடித்த தோல் வழியாகவோ கூடுதல் தண்ணீர் உள்ளே போனால் கிழங்கு சொதசொதத்துவிடும். போண்டா உள்ளீடு இளகுவதும், கட்லெட் எண்ணெயில் பிரிவதும், பராத்தாவைத் தேய்க்கும்போது மாவு கிழிந்து மசாலா வெளியே வருவதும் இந்த ஈரத்தால்தான். அரிசி மாவு, ரொட்டித் தூள் என்று சேர்த்துச் சமாளிக்கலாம். ஆனால் சேர்க்கச் சேர்க்கக் கிழங்கின் சுவை பின்னுக்குப் போய்விடும்.

அடுத்தது வடிவம். கிழங்கின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பசை, 80 டிகிரிக்கு மேல் கரையத் தொடங்குகிறது. வெப்பம் கூடக் கூட வேகமாகக் கரையும். வெளியே இருக்கும் வெப்பம் மிக அதிகமாக இருந்தால், நடுப்பகுதி வேகும் முன்பே மேற்பகுதி குழைந்துவிடும். மசிக்கப்போகும் கிழங்குக்கு இதனால் நஷ்டமில்லை. சதுரமாக நிற்க வேண்டிய ரோஸ்ட் துண்டுக்கு இதுவே பெரிய நஷ்டம்.

மூன்றாவது நேரம். அடுப்பில் இருக்கும் நேரத்தோடு, நீங்கள் அடுப்பருகே நிற்க வேண்டிய நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். திறந்து பதம் பார்க்க முடிகிறதா என்பதும் இதில் அடங்கும்.

நான்காவது எரிபொருள். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு கிலோ கிழங்கை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 250 கிலோஜூல் வெப்பம் போதும். அதைச் சுற்றி ஊற்றும் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 585 கிலோஜூல் வேண்டும். மூடாத பாத்திரத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பறந்துபோனால் அதற்கு மட்டும் 1,100 கிலோஜூலுக்கு மேல் செலவு. கிழங்குக்குப் போகும் எரிவாயுவைவிடச் சமையலறைச் சுவரை நனைக்கப் போகும் எரிவாயு அதிகம். மூடி போடுவதும், ஆவி வந்ததும் தீயைக் குறைப்பதும் எந்தப் புதுக் கருவியையும்விடப் பெரிய சிக்கனம்.

கடைசியாகச் சத்தும் சுவையும். கிழங்கிலுள்ள வைட்டமின் சியும் பொட்டாசியமும் தண்ணீரில் கரைபவை. தோலுரித்து வெட்டித் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும். ஆவியில் இந்த இழப்பு குறைவு. கிழங்கின் மணமும் தங்கும்.

## பாத்திரத்துக்கு முன் கிழங்கு

எந்த முறையானாலும் கையிலிருக்கும் கிழங்கைப் பார்க்காமல் நேரம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுச் சந்தைக்கு ஊட்டிக் கிழங்கு மட்டும் வருவதில்லை. மேட்டுப்பாளையம் மண்டிகளிலேயே நீலகிரிக் கிழங்கோடு கோலார், குஜராத், ஆக்ரா கிழங்குகளும் வந்து இறங்குகின்றன. அறுவடையான சில வாரங்களில் வரும் புதுக்கிழங்கு மெல்லிய தோலோடு, ஈரம் மிகுந்து, வெந்தாலும் கட்டியாக நிற்கும். நன்றாக முற்றிய கிழங்கு மாவாக, பொலபொலவென்று உடையும். குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் இருந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். அதனால்தான் சில மாதங்களில் கிழங்கு தித்திக்கிறது, வறுத்தால் சீக்கிரம் கறுக்கிறது. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பச்சைக் கிழங்கை வைத்தாலும் இதே கதைதான். கூடையில், இருட்டில், காற்றோட்டமாக வையுங்கள்.

மாவுக் கிழங்கா, கட்டிக் கிழங்கா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. ஒரு பங்கு உப்பைப் பதினொரு பங்கு தண்ணீரில் கரைத்துக் கிழங்கைப் போடுங்கள். மூழ்கினால் மாவுச்சத்து மிகுந்தது, மசியலுக்கும் போண்டாவுக்கும் ஏற்றது. மிதந்தால் கட்டியாக நிற்கும், ரோஸ்ட்டுக்கும் குருமாவுக்கும் ஏற்றது.

பருமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெப்பம் கிழங்கின் நடுவரை ஊர்ந்துதான் போக வேண்டும். பருமன் இரு மடங்கானால் வேகும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். எலுமிச்சை அளவுக் கிழங்கையும் கைப்பிடி அளவுக் கிழங்கையும் ஒன்றாகப் போட்டால் எந்தப் பாத்திரத்திலும் சமமாக வேகாது. ஒரே அளவாகப் பொறுக்குங்கள். இல்லையென்றால் பெரியதை மட்டும் இரண்டாக வெட்டுங்கள். கீழே நான் சொல்லும் நேரமெல்லாம் 120 முதல் 150 கிராம் வரையுள்ள நடுத்தரக் கிழங்குக்கு.

பச்சை படிந்த கிழங்கை எந்த முறையும் காப்பாற்றாது. அதிலுள்ள சோலனைன் வகை நச்சு, நாம் சமைக்கும் வெப்பத்தில் அழிவதில்லை. பச்சைப் பகுதியையும் முளையையும் ஆழமாகச் செதுக்கி எறியுங்கள். பெரும்பகுதி பச்சையாக இருந்தால் கிழங்கையே எறியுங்கள்.

## திறந்த பாத்திரத்தில், தண்ணீருக்குள்

பழைய முறை. முழுக்கிழங்கைத் தோலோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டுத்தான் அடுப்பை மூட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் மேற்பகுதி குழைந்து நடுப்பகுதி நறுக்கென்று நிற்கும். கொதி வந்த பிறகு 25 முதல் 35 நிமிடம் ஆகும்.

நேரமும் எரிவாயுவும் அதிகம் போகும் முறை என்றாலும் இதற்கென்று மூன்று பலங்கள் உண்டு. முதலாவது உப்பு. ஆவியால் உப்பை உள்ளே கொண்டுசெல்ல முடியாது, தண்ணீரால் முடியும். தோலுரித்துச் சதுரமாக வெட்டி, உப்பும் மஞ்சள்தூளும் போட்ட தண்ணீரில் முக்கால் பதம் வேகவைத்து வடித்து, பிறகு தாளித்து வறுக்கும் காரக்கறிக்கு உள்ளேயும் உப்பு ஏறியிருக்கும். வறுக்கும்போது மேலே தூவிய உப்பில் அந்தச் சுவை வராது.

இரண்டாவது நிறம். சில கிழங்குகள் வெந்து ஆறியதும் சாம்பல் நிறமாகக் கறுக்கும், குறிப்பாகக் காம்புப் பக்கம். கிழங்கிலுள்ள இரும்புச்சத்தும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து காற்றுப் பட்டதும் வரும் நிறம் அது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. வேகும் தண்ணீரில் சிறிது எலுமிச்சைச் சாறு விட்டால் கறுப்பது குறையும். விருந்துக்குச் சாலட் செய்கிறீர்கள், கிழங்கு வெளேரென்று இருக்க வேண்டும் என்றால் இந்த முறை கை கொடுக்கும். சாறு அளவு மீறினால் கிழங்கு வேகவே தாமதமாகும், கவனம்.

மூன்றாவது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கானது. மருத்துவர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், வெட்டிய கிழங்கை நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துவிடுவதே அவர்களுக்கு ஏற்றது. மற்றவர்களுக்கு இழப்பாக இருப்பது அவர்களுக்குப் பாதுகாப்பு. அந்த வீடுகளில் ஆவி முறையை நான் சொல்லவே மாட்டேன்.

## குக்கரில், தண்ணீருக்குள்

பெரும்பாலான வீடுகளின் வழக்கம் இதுதான். வேகம் என்ற ஒன்றைத் தவிர இதைப் பாராட்ட எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரி வரை போகும். கொதிக்கும் தண்ணீரில் கிழங்குகள் ஒன்றோடொன்று மோதும், தோல் வெடிக்கும், வெடிப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும்.

இன்னொரு கேடு அவசரத்தால் வருவது. விசில் முடிந்ததும் கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் அழுத்தம் சட்டென்று விழும். 120 டிகிரியில் இருந்த கிழங்கின் உள்தண்ணீர் அந்த நொடியில் ஆவியாகப் பொங்கி, கிழங்கைப் பிளந்துவிடும். கையும் வேகும். குக்கரில் எந்த விதமாகக் கிழங்கை வைத்தாலும் அழுத்தம் தானாக அடங்கும்வரை பொறுத்திருங்கள். அந்த பத்து நிமிடமும் கிழங்கு உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும். அதையும் சமையல் நேரத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பூரி மசாலுக்கும் மசால் தோசைக்கும் இந்த முறை போதும். அவற்றில் எப்படியும் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைக்கப் போகிறோம், கிழங்கு கொஞ்சம் குழைந்தால்தான் மசால் சேர்ந்து வரும். அப்போதும் முழுக்கிழங்காக, தோலோடு, பாதி மூழ்கும் அளவு தண்ணீரில் வையுங்கள்.

## குக்கரில், ஆவியில்

இதே குக்கர்தான். கிழங்கைத் தண்ணீரிலிருந்து மேலே தூக்கிவிட்டால் முற்றிலும் வேறு பண்டம் கிடைக்கிறது. அடியில் இரண்டு டம்ளர், அதாவது ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் தண்ணீர். குக்கரோடு வந்த துளைத்தட்டு அல்லது வளையம், அதன் மேல் துளையுள்ள பாத்திரம், அதில் கிழங்கு. துளை முக்கியம். துளையில்லாத அடுக்குப் பாத்திரத்தில் வைத்தால், கிழங்கின் மீது பட்டு நீராகும் ஆவி அடியில் தேங்கி, கீழ்வரிசைக் கிழங்குகள் மறுபடியும் தண்ணீரில் உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட பாத்திரம்தான் இருக்கிறது என்றால் அதற்குள் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் கிழங்கை வையுங்கள்.

ஆவியில் வைத்தால் கூடுதல் நேரம் ஆகுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. குக்கருக்குள் அந்தப் பயம் வேண்டாம். அழுத்தம் ஏறிய பிறகு அடியிலிருக்கும் தண்ணீரும் மேலிருக்கும் ஆவியும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். ஒரே நிபந்தனை, உள்ளிருக்கும் காற்று முதலில் வெளியேற வேண்டும். வெயிட்டைத் தனியாக வைக்கும் குக்கராக இருந்தால், ஆவி சீராகப் பீறிட்டு வரும்வரை காத்திருந்து பிறகு வெயிட்டை வையுங்கள். காற்று தங்கிவிட்டால் விசில் வரும், வெப்பம் மட்டும் முழுதாக ஏறாது.

விசில் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒவ்வொரு விசிலும் மிகுதியான ஆவி வெளியேறும் ஓசை, அவ்வளவே. 3 லிட்டர் குக்கரில் பெரிய தீயில் மூன்று விசில் மளமளவென்று வந்துவிடும். ஏழரை லிட்டர் குக்கரில் சிறு தீயில் அதே மூன்று விசிலுக்குப் பல மடங்கு நேரம் ஆகும். "மூன்று விசில்" என்று எழுதிய குறிப்பு உங்கள் குக்கருக்கு எழுதியதல்ல. முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிக் கடிகாரத்தைப் பாருங்கள். நடுத்தர முழுக்கிழங்குக்கு 8 முதல் 10 நிமிடம், இரண்டாக வெட்டியதற்கு 5, ஒரு அங்குலத் துண்டுகளுக்கு 3. பிறகு அடுப்பை அணைத்து அழுத்தம் தானாக அடங்கட்டும். முதல் தடவை உங்கள் குக்கரில் ஒரு நிமிடம் முன்பின்னாக இருக்கலாம். வந்த நேரத்தை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த தடவை தடுமாற்றம் இல்லை.

இதில் இன்னொரு லாபம், சோற்றுக்கும் பருப்புக்கும் எரியும் தீயிலேயே கிழங்கும் வெந்துவிடும். ஆனால் அரிசியின் நேரமும் கிழங்கின் நேரமும் ஒத்துப்போக வேண்டும். சோறு வேகும் நேரத்தில் வெட்டிய கிழங்கு கூழாகிவிடும். அரிசியோடு வைப்பதானால் முழுக்கிழங்காகவே, மேலடுக்கில் வையுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்ல வேண்டும். நடுவில் திறந்து பதம் பார்க்க முடியாது. தண்ணீரைக் குறைத்து ஊற்றி மறந்துவிட்டால் அடி காய்ந்து, பாதுகாப்பு வால்வு உருகி, கேஸ்கெட்டும் கெட்டுப்போகும். அலுமினியக் குக்கரின் உட்புறம் கறுக்கும். தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலையோ துளி புளியையோ போட்டால் கறுக்காது, இட்லிப் பானைக்கும் இதே வழிதான்.

## இட்லிப் பானையில்

நேரம் இருந்தால் நான் எடுப்பது இட்லிப் பானையைத்தான். இதில் ஆவி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. அந்த மெதுவான வேக்காட்டில் மேற்பகுதி குழைவதற்கு முன்பே நடுப்பகுதியும் வெந்துவிடுகிறது. தோல் பெரும்பாலும் வெடிப்பதில்லை. எப்போது வேண்டுமானாலும் மூடியைத் திறந்து கத்தி நுனியால் குத்திப் பார்க்கலாம். ரோஸ்ட்டுக்கு முக்கால் பதத்தில் நிறுத்த வேண்டும் என்றால், அதைச் சொல்லிவைத்தாற்போலச் செய்ய இதுவே வழி.

குழியுள்ள தட்டுகளை எடுத்துவிட்டுத் தட்டையான துளைத்தட்டைப் போடுங்கள். சின்ன உருளை மட்டும் விதிவிலக்கு. அது இட்லிக் குழிகளில் உருளாமல் உட்காரும். பானையில் நன்றாக ஆவி வந்த பிறகு கிழங்கை உள்ளே வைத்து அங்கிருந்து கணக்கிட்டால், முழுக்கிழங்குக்கு 30 முதல் 40 நிமிடம், பாதியாக வெட்டியதற்கு 20 முதல் 25, ஒரு அங்குலத் துண்டுகளுக்கு 12 முதல் 15, சின்ன உருளைக்கு 15 முதல் 20. ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிக்காதீர்கள். ஆவி சுற்றிவர இடைவெளி வேண்டும். வெட்டிய துண்டுகளை வைக்கும்போது மூடியின் உட்புறம் ஒரு துணியைக் கட்டினால், மூடியில் சேரும் நீர் கிழங்கின் மேல் சொட்டாது. வெட்டிய துண்டில் உப்பையும் மஞ்சள்தூளையும் பிசறி வைத்தால், தண்ணீரில் வேகவைத்த அளவுக்கு இல்லாவிட்டாலும் ஓரளவு உப்பு ஏறும்.

முழுக்கிழங்குக்கு முக்கால் மணி நேரம் அடுப்பு எரிய வேண்டும் என்பது இதன் குறை. தண்ணீர் நடுவில் குறைந்தால் கொதிக்கும் தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஆவி நின்று, கிழங்கு அரைவேக்காட்டில் காத்திருக்கும். அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு வைக்கும் பழக்கம் நல்லது. தண்ணீர் கொதிக்கும்வரை அது தடதடக்கும், ஓசை நின்றால் தண்ணீர் தீர்கிறது என்று பொருள். இண்டக்ஷன் அடுப்புக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய அலுமினியப் பானை அதில் சூடாகாது, காந்தம் ஒட்டும் அடியுள்ள எஃகுப் பானை வேண்டும்.

## மைக்ரோவேவில்

ஒன்று, இரண்டு கிழங்குக்கு இதைவிட வேகமான வழி இல்லை. கழுவிய ஈரத்தோடு, முள்கரண்டியால் நாலைந்து இடத்தில் குத்தி, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரோடு வைத்தால் ஒரு கிழங்கு 4 முதல் 5 நிமிடத்தில் வெந்துவிடும். குத்தாமல் வைத்தால் உள்ளே சேரும் ஆவி கிழங்கை வெடிக்கவைக்கும். பாதி நேரத்தில் ஒரு முறை புரட்டிப் போடுங்கள். வெளியே எடுத்ததும் மூடியபடி மூன்று நிமிடம் விடுங்கள், வெப்பம் சீராகப் பரவும்.

ஆனால் ஆவிக்கும் மைக்ரோவேவுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. இட்லிப் பானையில் மூன்று கிழங்கு வேகும் நேரத்தில்தான் பத்துக் கிழங்கும் வேகும். மைக்ரோவேவில் கிழங்கு கூடக் கூட நேரமும் கூடிக்கொண்டே போகும். ஒரு கிலோ கிழங்கை அதில் வைத்தால் ஓரத்தில் இருப்பது வறண்டு தோலாகும், நடுவில் இருப்பது வேகாமல் நிற்கும். தனியாக வாழ்பவருக்கும், விடுதி அறையில் இருப்பவருக்கும், குழந்தைக்கு அவசரமாக ஒரு கிழங்கு மசிப்பவருக்கும் ஏற்றது. குடும்பச் சமையலுக்கு அல்ல.

## மின் ஸ்டீமரும் மின் பிரஷர் குக்கரும்

அடுக்கடுக்காகக் கூடைகள் வைத்த மின் ஸ்டீமர் செய்யும் வேலை இட்லிப் பானையின் வேலைதான், நேரமும் அதேதான். தானாக நின்றுவிடும் என்பது மட்டும் கூடுதல் வசதி. மறதி உள்ள பெரியவர்கள் தனியே சமைக்கும் வீட்டில் அந்த வசதிக்காகவே வாங்கலாம். மற்றபடி மேடையில் இடத்தை அடைக்க இன்னொரு பொருள். மின் பிரஷர் குக்கர் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் துளைத்தட்டு போட்டு ஆவியில் அவிக்கலாம். அழுத்தம் ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| முறை | முழுக்கிழங்கு வேகும் நேரம் | ஈரம் | வடிவம் | எரிபொருள் | ஏற்ற இடம் |
|---|---|---|---|---|---|
| திறந்த பாத்திரம், தண்ணீரில் | கொதி வந்தபின் 25–35 நிமிடம் | வெட்டினால் அதிகம் | நிற்கும் | மிக அதிகம் | உப்பு ஏற வேண்டிய காரக்கறி, சாலட், பொட்டாசியம் குறைக்க |
| குக்கர், தண்ணீரில் | முதல் விசிலுக்குப் பின் 8–10 நிமிடம் | அதிகம் | வெடிக்கும் | குறைவு | பூரி மசால், மசால் தோசை |
| குக்கர், ஆவியில் | முதல் விசிலுக்குப் பின் 8–10 நிமிடம் | குறைவு | ஓரளவு நிற்கும் | மிகக் குறைவு | போண்டா, கட்லெட், பராத்தா, அன்றாடச் சமையல் |
| இட்லிப் பானை | ஆவி வந்தபின் 30–40 நிமிடம் | குறைவு | நன்றாக நிற்கும் | நடுத்தரம் | ரோஸ்ட், சின்ன உருளை, பொடிமாஸ் |
| மைக்ரோவேவ் | ஒன்றுக்கு 4–5 நிமிடம் | மிகக் குறைவு | நிற்கும், ஓரம் வறளும் | ஒன்றிரண்டுக்குக் குறைவு | ஒருவர் சமையல், அவசரம் |

## பதார்த்தத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க

போண்டா, கட்லெட், பராத்தா மூன்றுக்கும் குக்கர் ஆவி. வெந்ததும் தோலுரித்து, அகலமான தட்டில் பரப்பி ஐந்து நிமிடம் விட வேண்டும். அப்போது மேலே எழும் ஆவியோடு எஞ்சிய ஈரமும் போகும். சூடு ஆறுவதற்குள் மத்தாலோ கரண்டியாலோ மசித்துவிடுங்கள். மிக்ஸியில் போடவே கூடாது. சுழலும் கத்தி செல்களைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே விடும், கிழங்கு கொழகொழவென்று பசையாகிவிடும். அதற்குப் பிறகு மீட்க வழியில்லை.

ரோஸ்ட்டுக்கு இதற்கு நேர்மாறு. இட்லிப் பானையில் முக்கால் பதம், பிறகு முழுதாக ஆற வேண்டும். ஆறும்போது உப்பியிருந்த மாவுச்சத்து மறுபடியும் இறுகி, துண்டுக்கு உடையாத உறுதி வருகிறது. முந்தின இரவே அவித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் வெட்டி எண்ணெயில் போட்டால் ஓரங்கள் கூர்மையாக நிற்கும், மொறுமொறுப்பும் கூடும். பெட்டியில் வைக்கக் கூடாது என்று மேலே சொன்னது பச்சைக் கிழங்குக்கு. அவித்த கிழங்கை அங்கேதான் வைக்க வேண்டும். பொடிமாஸுக்கும் ஆறிய கிழங்குதான் உதிரி உதிரியாக வரும். சூட்டோடு உதிர்த்தால் கட்டி கட்டும்.

சின்ன உருளை வறுவலுக்கும் இட்லிப் பானை. வெந்ததும் ஒரு நிமிடம் பச்சைத் தண்ணீரில் போட்டு எடுத்தால் தோல் எளிதாகக் கழன்றுவிடும். அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் ஊறவிட வேண்டாம்.

புளிக்குழம்பிலோ நிறையத் தக்காளி போட்ட கறியிலோ பச்சைக் கிழங்கைப் போட்டுவிட்டு வேகவில்லை என்று காத்திருப்பவர்கள் உண்டு. புளிப்பு அந்தப் பெக்டின் பசையைக் கரையவிடாமல் பிடித்துக்கொள்ளும். கிழங்கை எந்த முறையிலாவது அவித்துவிட்டுப் பிறகு புளித்தண்ணீரில் சேருங்கள். கிழங்கு உடையாமல் நிற்கவும் அதே புளிப்பு உதவும்.

மலையூர்களில் வசிப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறத்தாழ இதே நிலைதான். அந்த ஆவியில் கிழங்கு வேக, சமவெளிக்கு நான் சொன்ன நேரத்தைவிட வெகுநேரம் பிடிக்கும். அங்கே இட்லிப் பானையை வெட்டிய துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முழுக்கிழங்கைக் குக்கர் ஆவியில் அவிப்பதே நல்லது.

எதில் அவித்தாலும் பதம் பார்க்கும் முறை ஒன்றுதான். இருப்பதிலேயே பெரிய கிழங்கை எடுத்து நடுவில் மெல்லிய கத்தியைச் செலுத்துங்கள். தடையில்லாமல் உள்ளே போய், தூக்கும்போது கிழங்கு கத்தியிலிருந்து தானாக வழுக்கி விழுந்தால் மசிக்கும் பதம். உள்ளே போய், கிழங்கும் கத்தியோடு மேலே வந்தால் ரோஸ்ட் பதம். நடுவில் நறுக்கென்று தடுத்தால், குக்கராக இருந்தால் இன்னும் 2 நிமிடம், இட்லிப் பானையாக இருந்தால் இன்னும் 7 நிமிடம் வையுங்கள்.

மிஞ்சிய அவித்த கிழங்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அடுத்த இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.